புது நாடகத்துக்கு யார் சான்று?

ஒரு நாவல் காத்திருக்கும். வெளிவந்த நாளில் எவரும் கவனியாது விட்டாலும், நூலக அலமாரியில் இருபது ஆண்டுகள் கிடந்து, பின்னர் நல்ல வாசகர் ஒருவரின் கையில் அது புத்துயிர் பெறக்கூடும். நாடகத்துக்கு அத்தகைய பொறுமை கிடையாது. நடிகரும் அரங்கும் பார்ப்போரும் ஒருங்கே கூடினாலன்றி நாடகம் முழுமை பெறுவதில்லை. எழுதப்பெற்ற காலத்திலேயே, ‘இது மேடையேறத் தக்கது’ என்று எவராவது ஒருவர் முன்வந்து சான்று கூற வேண்டும். கூறாவிடில், அந்த நாடகம் ஆசிரியரின் மேசைக்குள்ளேயே முடிந்துபோகும்.

அவ்வாறு சான்று கூறத் தக்கவர் யார்? பத்திரிகை விமரிசகர் நாடகம் மேடையேறிய பின்னரே வருகிறார். பல்கலைக்கழக ஆய்வாளரோ பெரும்பாலும் ஆசிரியர் மறைந்த பின்னரே வருகிறார். கைப்பிரதியாக இருக்கும்போதே ஒரு நாடகத்தின் தரத்தை உணர வல்லவர், அதே தொழிலில் உழலும் மற்றொரு நாடகாசிரியர்தாம். ஒரு காட்சியைத் தொடங்குவது எவ்வளவு எளிது, முடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர் பட்டு அறிந்தவர். அவர் போட்டியாளரும் ஆவார் அன்றோ? ஆகவே அவர் வாயிலிருந்து வரும் நல்ல சொல்லுக்கு மதிப்பு மிகுதி.

உலக நாடக வரலாற்றில் இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. ருஷ்ய ஆசிரியர் ஆன்டன் செகாவின் ‘கடற்பறவை’ 1896ஆம் ஆண்டு பீட்டர்ஸ்பர்க் நகரில் அரங்கேறியபோது படுதோல்வி அடைந்தது. இனி நாடகமே எழுதுவதில்லை என்று செகாவ் மனம் நொந்தார். நெமிரோவிச் தான்செங்கோ என்பவர் அக்காலத்தில் செகாவைப் போலவே நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர். தமது நாடகம் ஒன்றுக்குப் பரிசும் பெற்றவர். அப்பரிசு செகாவின் நாடகத்துக்கே உரியது என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். அதனோடு நில்லாமல், தாமும் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் சேர்ந்து தொடங்கிய மாஸ்கோ கலை அரங்கில், தயங்கிய செகாவிடம் மன்றாடி அனுமதி பெற்று, 1898இல் அதே நாடகத்தை மேடையேற்றச் செய்தார். அந்த வெற்றியின் நினைவாகவே அந்த அரங்கு கடற்பறவையின் உருவத்தைத் தன் இலச்சினையாகக் கொண்டது. செகாவ் மேலும் நாடகங்கள் எழுதினார். சக நாடகாசிரியர் ஒருவரின் பிடிவாதத்துக்கு உலகம் பட்டிருக்கும் கடன் இது.

நம் நாட்டிலும் இத்தகைய பெருந்தன்மை விளங்கிய காலம் ஒன்று இருந்தது. 1960களில் வங்காளத்தில் பாதல் சர்க்கார், மராத்தியில் விஜய் டெண்டுல்கர், இந்தியில் மோகன் ராகேஷ், கன்னடத்தில் கிரீஷ் கார்னாட் ஆகிய நால்வரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் எழுதினர். நால்வரும் நான்கு மொழியினர். ஒருவரை ஒருவர் அறியாமலே இருந்துவிட்டிருக்கலாம். அவ்வாறு நேரவில்லை. பாதல் சர்க்காரின் ‘ஏவம் இந்திரஜித்’ நாடகத்தைக் கார்னாட் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கார்னாட் 1964இல் எழுதிய ‘துக்ளக்’ நாடகத்தை டெண்டுல்கர் மராத்தியில் பெயர்த்தார். மோகன் ராகேஷின் ‘ஆதே அதூரே’ நாடகத்தையும் டெண்டுல்கரே மராத்திக்குக் கொண்டுசென்றார். தம் சொந்த நாடகங்களுக்குச் செலவிட வேண்டிய நாட்களை இவர்கள் பிறர் நாடகங்களுக்கு ஈந்தனர். ஒரு நாடகத்தைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதுவது எளிது. அதன் ஒவ்வொரு வசனத்தையும் தம் மொழியில் மீண்டும் எழுதித் தருவது அதனினும் பெரிய நற்சான்று.

‘ஏவம் இந்திரஜித்’ எத்தகையது என்று ஒரு சொல் கூற வேண்டும். நாடகம் எழுத முயலும் எழுத்தாளன் ஒருவன் அதில் வருகிறான். அமல், விமல், கமல் என்று ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற மூவர்; அவர்களிடையே நான்காமவன் இந்திரஜித். தன் பெயர் பிறர் பெயரோடு ஒத்துவராததால் அவன் முதலில் நிர்மல் என்று சொல்லிக்கொள்கிறான். படிப்பு, தேர்வு, உத்தியோகம், திருமணம் என்ற சக்கரத்தில் சுழலும் நடுத்தர வகுப்பு இளைஞனின் சலிப்பை இந்நாடகம் காட்டுகிறது. அலுவலகத்தில் பணிபுரியும் எவரும் தம் முகத்தை அதில் காணலாம். இதனை மொழிபெயர்த்த கார்னாட் 1963 முதல் 1970 வரை சென்னையில் ஒரு பதிப்பகத்தில் பணியாற்றியவர் என்பது தமிழர் நினைவில் வைக்கத் தக்க செய்தி.

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இங்கு ஒன்று கூற விரும்புகிறேன். அரசாங்கச் சுற்றறிக்கையைப் பெயர்க்கும்போது, ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே இருக்க வேண்டும் என்பது விதி. நாடகத்திலோ ஒரு பாத்திரம் சொல்லாமல் விடுவதும் பெயர்க்கப்பட வேண்டும். மலையாளமும் தமிழும் உடன்பிறந்த மொழிகள்; ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்ப்பது எளிது என்று பலர் எண்ணுவர். உண்மை வேறு. தமிழில் ‘நீங்கள்’ என்பது மரியாதைச் சொல். மலையாளத்தில் ‘நிங்ஙள்’ என்று மூத்தவர் ஒருவரை நேரே விளித்தால், திருவிதாங்கூர்ப் பகுதியில் அது மரியாதைக் குறைவாகவே கொள்ளப்படும். மருமகன் மாமனாரிடம் ‘நிங்ஙள்’ என்று வாய்தவறிச் சொல்லும் ஒரு காட்சியில் வீடே அதிரக்கூடும். அதையே ‘நீங்கள்’ என்று தமிழில் எழுதினால் அங்கே ஒன்றுமே நிகழ்ந்திராது. இந்த நுட்பம் அகராதியில் அகப்படாது. நாடகத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று அறிந்தவருக்கே அது புலப்படும். நாடகாசிரியரே மொழிபெயர்ப்பாளராக அமைவதன் சிறப்பு இதுவாம்.

வித்துரா என்னும் இவ்வூர் இதை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். நெடுமங்காட்டைக் கடந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், பொதிகையின் மேற்குச் சாரலில் இது அமைந்துள்ளது. மலைக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமை. தேயிலைத் தோட்டங்களை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பொன்முடியிலும் போணக்காட்டிலும் தலைமுறைகளாக வாழ்ந்தன. வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசி வளர்ந்த பிள்ளைகள் இங்கே ஏராளம். எனினும் மலைக்கு இப்பால் எழுதப்படும் நாடகம் மலைக்கு அப்பால் அறியப்படுவதில்லை. அப்பால் எழுதப்படுவதும் இங்கே அறியப்படுவதில்லை.

மலையாள நாடகத்தின் புதிய எழுச்சியும் நாடகாசிரியர்களின் தோழமையில் பிறந்ததே. 1967ஆம் ஆண்டு கொல்லம் மாவட்டத்துச் சாஸ்தாங்கோட்டையில் ‘நாடகக் களரி’ என்ற பயிற்சி முகாம் நடைபெற்றது. சி. என். ஸ்ரீகண்டன் நாயர், ஜி. சங்கரப் பிள்ளை முதலியோர் அதை முன்னின்று நடத்தினர். மேனாட்டு இயற்பண்பு நாடகத்தைப் பின்பற்றுவதோடு நில்லாமல், கேரளத்தின் கூத்து, சடங்கு, பாட்டு மரபுகளிலிருந்து நமக்கே உரிய அரங்கை அமைக்க வேண்டும் என்ற கருத்து அக்களரிகளில் வடிவம் பெற்றது. அதையே ‘தனது நாடகவேதி’ என்று பெயரிட்டு அழைத்தனர். காவாலம் நாராயணப் பணிக்கர் அந்த வழியை மேலும் விரிவாக்கினார்.

சங்கரப் பிள்ளைக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்துச் சிறயின்கீழ் வட்டாரத்தில் 1930இல் பிறந்த அவர், சில காலம் தமிழ்நாட்டில் காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்தார். பின்னர் கோழிக்கோடு பல்கலைக்கழகம் திருச்சூரில் நாடகப் பள்ளியை நிறுவியபோது அதன் முதல் இயக்குநர் ஆனார். அப்பள்ளியில் அவருடன் பணியாற்றியவர் தமிழ் நாடகாசிரியரும் நெறியாளருமான சே. இராமானுஜம். 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சி முகாமை நடத்தியவர்களுள் ஒருவரும் அவரே. நவீனத் தமிழ் நாடகத்துக்குப் பல இளைஞரை அந்த முகாம் தந்தது. பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அவர் நாடகம் கற்பித்தார். மலையைக் கடந்து நாடகம் சென்ற வழி இதுதான்: ஒரு நாடகாசிரியர் மற்றொருவரை நம்பியமை.

வானொலியும் இத்துறையில் தன் கடமையைச் செய்தது. 1956ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய நாடக நிகழ்ச்சியில், ஒரு மொழி நாடகம் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பல நிலையங்களிலிருந்து ஒலிபரப்பாயிற்று. தர்மவீர் பாரதியின் ‘அந்தா யுக்’ என்னும் இந்திக் கவிதை நாடகம் முதலில் வானொலியில் ஒலித்து, பிறகே மேடைக்கு வந்தது. 1962இல் சத்யதேவ் துபேயும், அதற்கு அடுத்த ஆண்டு டில்லியில் இப்ராஹிம் அல்காசியும் அதை மேடையேற்றினர். காட்சித்திரையும் ஒப்பனையும் இன்றிக் குரல் ஒன்றையே நம்பி நிற்பதால், வானொலி ஒரு நாடகத்தின் சொல்வன்மையை நன்கு சோதித்துவிடுகிறது.

இனி, இரு மொழியிலும் பயில விரும்புவோருக்குச் சில நாடகங்களைச் சுட்டுகிறேன். மலையாளத்தில் ஸ்ரீகண்டன் நாயரின் ‘காஞ்சன சீதை’யை முதலில் கூறலாம். இராமாயணத்தின் உத்தர காண்டத்தை எடுத்துக்கொண்டு, அரசனின் அறத்துக்கும் கணவனின் நெஞ்சத்துக்கும் இடையேயுள்ள பிளவை அது ஆராய்கிறது. அரவிந்தன் அதை 1977இல் திரைப்படமாக்கினார். காவாலத்தின் ‘அவனவன் கடம்ப’ முற்றிலும் வேறு சுவையுடையது. கடம்ப என்பது வேலியிடையே மனிதர் மட்டும் ஏறிக் கடக்க அமைத்த தடை. தனக்குத் தானே தடையாகும் மனிதனைப் பற்றிய நாடகம் அது. திருவிழாவுக்குச் செல்லும் பாட்டுக் குழுவும் ஆட்டக் குழுவும் வழியில் படும் பாட்டைச் சொல்லும் அதனை, 1970களின் நடுவில் அரவிந்தனின் நெறியாள்கையில், திருவனந்தபுரத்தில் திறந்தவெளியில் மரநிழலில் நடித்தனர். கோபியும் நெடுமுடி வேணுவும் அதில் நடித்தனர்.

தமிழில் இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’யை மலையாள அன்பர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். தீயில் இறங்கி முத்தி பெற்றதாகப் போற்றப்படும் நந்தனின் கதையில், அந்தத் தீயை மூட்டியவர் எவர் என்ற வினாவை அது எழுப்புகிறது. அவருடைய ‘ஔரங்கசீப்’, அதிகாரப் போட்டியில் ஒரு குடும்பம் சிதைவதைக் காட்டுவது. ந. முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’ கட்சி அரசியலை எள்ளி நகையாடும் சிறு நாடகம். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய அவர் 2018இல் மறைந்தார். இன்குலாபின் ‘ஔவை’, கோலூன்றிய மூதாட்டியாகவே நாம் அறிந்த புலவரை இளம்பெண்ணாகவும் பாணர் மரபினளாகவும் நம்முன் நிறுத்துகிறது. அதை மேடையேற்றியவர் அ. மங்கை.

இவை நிலைபெற்ற நாடகங்கள். இன்று எழுதப்படும் நாடகம் ஒன்று கைக்கு வந்தால் அதன் தரத்தை எவ்வாறு அறிவது? மொழிபெயர்ப்பாளர் கையாளும் சில சோதனைகள் இதற்கும் உதவும். முதலாவதாக, வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணுக்கு அழகாய்த் தோன்றும் வாக்கியம் நாவில் தடுக்கினால் அது கட்டுரைக்கு உரியது. அடுத்து, பேசுவோர் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு வசனங்களைப் படிக்க வேண்டும். யார் பேசுகிறார் என்று தெரியாவிடில் அங்கே பாத்திரங்கள் இல்லை, ஆசிரியர் ஒருவரே பேசுகிறார். மேடையில் பேசாமல் நிற்பவர் அந்நேரத்தில் என்ன செய்கிறார் என்று கேட்பதும் பயனுடையது. நல்ல நாடகாசிரியர் அவரையும் மறந்திருக்க மாட்டார்.

கேரளத்தில் இதற்கு வாய்ப்பான ஓர் ஏற்பாடு முன்னமே உள்ளது. 1945இல் பி. என். பணிக்கர் தொடங்கி வைத்த கிரந்தசாலை இயக்கத்தால் சிற்றூர்தோறும் நூலகமும், பெரும்பாலான நூலகங்களை அடுத்து மக்கள் கூடுமிடமும் அமைந்தன. அவர் மறைந்த ஜூன் 19ஆம் நாள் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆண்டுதோறும் அந்நாளில், நம்மோடு வாழும் நாடகாசிரியர் ஒருவரின் புதிய நாடகத்தைப் பாத்திரங்களைப் பகிர்ந்துகொண்டு படிக்கலாம். ஓராண்டு மலையாளம், மறு ஆண்டு தமிழ் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆறு நாற்காலிகளும் ஆறு பிரதிகளும் போதும். நாடகம் எழுதும் இளைஞர் எவரேனும் அவ்வூரில் இருந்தால், எந்த நாடகத்தைப் படிப்பது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடமே விடலாம். தம்முடையதைத் தவிர்த்துப் பிறர் நாடகம் ஒன்றை அவர் தேர வேண்டும் என்பது மட்டும் விதியாக இருக்கட்டும்.

படிப்பவருள் ஒருவருக்கேனும் அந்நாடகத்தைத் தம் மொழியில் எழுதிப் பார்க்கும் ஆவல் பிறக்குமானால், பொதிகையின் இருபுறத்து அரங்குகளும் அதனால் பயன் பெறும். ஒரே மலையின் இரு சாரலில் வாழும் மக்கள் ஒருவர் நாடகத்தை மற்றவர் அறிவதற்குப் பிறமொழி வழியாகச் சுற்றி வரத் தேவையில்லை.