அந்துருண்டைக் கணக்கு

டி.டி.டி., லிண்டேன், பி.சி.பி. போன்ற நீடித்த கரிம மாசுகள் மண்ணுக்கும் காற்றுக்கும் இடையே போய்வந்தபடி இருக்கின்றன. எப்போது எந்தப் பக்கம் நகரும் என்பதைச் செறிவை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மண்ணில் டி.டி.டி. காற்றைவிடப் பல லட்சம் மடங்கு கூடுதலாக இருக்கும்போதும், அது காற்றிலிருந்து மண்ணுக்கே இறங்கிக்கொண்டிருக்கலாம்.

திசையைத் தீர்மானிப்பது ஃபியூகாசிட்டி, அதாவது இருக்கும் இடத்தை விட்டுத் தப்பியோடும் முனைப்பு. அழுத்தத்தைப் போலவே பாஸ்கலில் அளக்கப்படுகிறது. 1901இல் கில்பர்ட் லூயிஸ் உருவாக்கிய இக்கருத்தை 1979இல் டொரான்டோவின் டான் மெக்கே சூழல் மாசுக்குப் பொருத்தினார். வரலாறு இவ்வளவு போதும்.

பீரோவில் போட்ட அந்துருண்டையின் ஆவி சேலைகளில் ஏறுகிறது. சேலைகள் அடுக்கடுக்காக இருந்தால் எவ்வளவு ஏறினாலும் நெடி அடங்கியே இருக்கும். அதே அளவு ஒரு கைக்குட்டையில் ஏறினால் மூக்கைத் துளைக்கும். கரிமப்பொருள் மிகுந்த மண், சேலை நிறைந்த பீரோ; மணல், கைக்குட்டை. செறிவை, இப்படி உள்வாங்கி வைத்துக்கொள்ளும் கொள்திறனால் வகுத்தால் கிடைப்பதே ஃபியூகாசிட்டி. உருண்டை கரைந்து தீர்ந்த பிறகு ஓட்டம் திரும்புகிறது: இனி சேலையே நெடியை வெளியே விடும். பூச்சிமருந்து தடை செய்யப்பட்ட பிறகு வயலும் அப்படித்தான். மேற்குச் சுவரை ஒட்டிய பீரோ மாலையில் கூடுதலாக மணக்கும். வெப்பம் 10 பாகை ஏறினால் இத்தகைய பொருள்களின் ஆவியழுத்தம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது.

பரங்கிப்பேட்டை அருகே வெள்ளாற்றுப் பாசன வயல்களில் நடந்து 1991இல் வெளியான ஆய்வில், இட்ட பி.எச்.சி. பூச்சிமருந்தில் 99 விழுக்காட்டுக்கும் மேல் காற்றில் கலந்ததாகக் கணக்கிடப்பட்டது. இந்தியா அம்மருந்தை 1997இல் தடை செய்தது. இவ்வாறு ஆவியானது குளிர்ந்த இடத்தில் படிந்து, வெயிலில் மீண்டும் எழுந்து துருவப்பகுதி வரை செல்வதை ‘வெட்டுக்கிளி விளைவு’ என்பார்கள். பெயரும் அம்புக்குறி போட்ட உலகப்படங்களும் கவர்ச்சியானவை. தாவுவது ஒரே மூலக்கூறு அல்ல, கூட்டத்தின் சராசரி என்பதை அம்புகள் காட்டுவதில்லை.

ஃபியூகாசிட்டியைக் கணிக்கும் கணித மாதிரிகளின் எண்களும் அவ்வளவு உறுதியானவை அல்ல. மண்ணின் கரிமப்பொருளுக்குப் பதிலாளாக ஆக்டனால் என்ற ஆல்கஹாலை வைத்தே பெரும்பாலும் கொள்திறன் கணிக்கப்படுகிறது. சில சென்டிமீட்டர் மேல்மண் முழுதும் ஒரே சீராகக் கலந்திருப்பதாகவும் கொள்ளப்படுகிறது. உழவு, மழை, நுண்ணுயிர்ச் சிதைவு எல்லாம் தோராயமே. மண், காற்று இரண்டின் ஃபியூகாசிட்டியையும் கூட்டி, அதில் மண்ணின் பங்கைப் பார்ப்பது வழக்கம். அது 0.5ஆக இருந்தால் சமநிலை, மேலே போனால் மண் வெளிவிடுகிறது. பிழையின் அளவைக் கருதி, 0.3க்கும் 0.7க்கும் இடையே வரும் விடையைப் பல ஆய்வாளர்கள் எந்தப் பக்கமும் சேர்ப்பதில்லை.