தேயிலைக் கொசு: ஒரே பெயரில் மூன்று பூச்சிகள்

நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை ஏறினாலும் இறங்கினாலும், சிறு விவசாயிகளின் கணக்கில் மருந்துச் செலவு மட்டும் நிற்பதே இல்லை. கூடலூர், பந்தலூர் பக்கமானாலும் குன்னூர், கோத்தகிரி பக்கமானாலும் இந்தச் செலவுக்குக் காரணமாகச் சொல்லப்படுவதில் முக்கியமானது 'கொசு'. கொழுந்தில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் போதும், 'கொசு விழுந்துவிட்டது' என்று விசைத்தெளிப்பானைத் தூக்கிவிடுகிறோம். அது என்ன பூச்சி, எந்த இனம் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் மருந்து பலிக்குமா, எந்த இயற்கை எதிரி உதவும், எந்தச் செடியை அகற்ற வேண்டும் என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது.

கொசுவே அல்ல

தேயிலைக் கொசு, மனிதரைக் கடிக்கும் கொசுவின் உறவினர் அல்ல. நீண்ட கால்களும் மெலிந்த உடலுமாகப் பறக்கும்போது கொசுபோலத் தெரிவதால் வந்த பெயர் அது. தேங்கிய தண்ணீரை அகற்றினால் இது குறையாது. இது நாவாய்ப்பூச்சி வகை. அதிலும் 'மிரிடே' என்ற தாவர நாவாய்ப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் இந்தக் குடும்பத்தில் இதுவரை 11,000க்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. நாவாய்ப்பூச்சிகளில் மிகப் பெரிய குடும்பம் இதுதான்.

இந்தக் குடும்பத்தை அடையாளம் காண எளிய வழி உண்டு. முன்சிறகின் தடித்த பகுதி முடியும் இடத்தில் ஆப்பு வடிவில் ஒரு சிறு முக்கோணத் துண்டு இருக்கும். பூச்சியைக் கையில் எடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால் தெரியும். தேயிலைக் கொசுவுக்குக் கூடுதலாக இன்னோர் அடையாளம், முதுகின் நடுவில் குண்டூசிபோல நிமிர்ந்து நிற்கும் ஒரு முள். இதன் பேரினப் பெயரான 'ஹீலோபெல்டிஸ்' இதிலிருந்து வந்ததுதான். கிரேக்கத்தில் ஹீலோஸ் என்றால் ஆணி, பெல்டே என்றால் சிறு கேடயம்.

மூன்றும் ஒன்றல்ல

தென்னிந்தியப் பயிர்களில் ஹீலோபெல்டிஸ் பேரினத்தின் மூன்று இனங்கள் முக்கியமானவை. ஒன்று தீவோரா. தேயிலையைத் தின்பது என்பதே இப்பெயரின் பொருள். இரண்டாவது ஆன்டோனி. மூன்றாவது பிராடி. மலைத் தேயிலையில் பெருஞ்சேதம் செய்வது தீவோரா. பண்ருட்டிப் பக்கம் முந்திரியில் தளிரையும் பூங்கொத்தையும் கருக்குவதும், சமவெளி வேப்பமரத்தின் நுனிக் கிளைகளைக் காய வைப்பதும் முக்கியமாக ஆன்டோனி. மூன்றையும் நாம் 'தேயிலைக் கொசு' என்றே அழைக்கிறோம். 'தேயிலையே இல்லாத ஊரில் வேம்புக்குத் தேயிலைக் கொசு எப்படி வந்தது?' என்று சமவெளி விவசாயிகள் வியப்பதற்கு இந்தப் பெயர்க் குழப்பமே காரணம்.

இதேபோல் இன்னொரு குழப்பமும் நம்மிடம் உண்டு. சோளத்திலும் நெல்லிலும் வருவதை 'கதிர் நாவாய்ப்பூச்சி' என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். சோளத்தில் வருவது தேயிலைக் கொசுவின் குடும்பமான மிரிடே. நெல்லில் வருவது வேறு குடும்பம். தமிழ்ப் பெயர் நமக்குப் பேசுவதற்கு வசதி. ஆனால் மருந்து, இயற்கை எதிரி, இனக்கவர்ச்சிப் பொறி என்று வரும்போது அந்தப் பெயர் மட்டும் போதாது.

பெயர் வந்த வரலாறு

ஹீலோபெல்டிஸ் பேரினத்துக்கும் ஆன்டோனி இனத்துக்கும் 1858இல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் சின்யோரே. அவர் கையில் கிடைத்தது இலங்கையில் பிடித்த பூச்சி. அசாம் தோட்டங்களில் இதன் சேதத்தை 1873இல் பீல் என்ற தோட்டத்துக்காரர் எழுதினார். அதற்குப் பிறகு, 1886இல், லண்டனைச் சேர்ந்த வாட்டர்ஹவுஸ் இந்திய, ஜாவா மாதிரிகளைப் பார்த்து தீவோரா, பிராடி ஆகிய இரு இனங்களை விவரித்தார். அதாவது, சேதம் தெரிந்து 13 ஆண்டுகள் கழித்துத்தான் பூச்சிக்குப் பெயர் கிடைத்தது.

பெயர் வைத்த பிறகும் குழப்பம் தீரவில்லை. காரணம் நிறம். ஆணும் பெண்ணும் ஒரே நிறமல்ல. பருவத்துக்குப் பருவம் நிறம் மாறுகிறது. வடகிழக்கு இந்தியத் தேயிலையில் பணிபுரிந்த ஹரால்ட் மான், தீவோராவில் தனித்தனிப் பூச்சிக்கும் பருவத்துக்கும் இடையே காணப்படும் வேறுபாடுகளைப் பற்றியே 1907இல் ஒரு தனி ஆய்வை வெளியிட்டார். அதே ஆய்வில் சின்கோனா மரத்தில் கண்ட ஒரு புதிய இனத்தையும் விவரித்தார். நிறத்தைத் தாண்டிய உறுதியான அடையாளம் தேவைப்பட்டது. 1991இல் ஸ்டோனெடால் என்ற வகைப்பாட்டியல் அறிஞர் ஆசிய ஹீலோபெல்டிஸ் இனங்களை மறுஆய்வு செய்து வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார். ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பில் உள்ள சிறு கடினத் தகடுகளின் வடிவமே அதில் முக்கியச் சான்று. இன்றும் ஆய்வாளர்கள் இந்த வகைப் பூச்சி மாதிரிகளில் ஆண் பூச்சியையே முதலில் தேடுவது இதனால்தான்.

புதிய இனம் என்று எப்படி முடிவாகிறது?

நீலகிரி போன்ற மலையில் புதிய தாவர நாவாய்ப்பூச்சி கிடைப்பது அதிசயமல்ல. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் சில மணி நேரத்தில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம் மாறுகிறது. சோலைக்காடு, புல்வெளி, தேயிலை, மலைக் காய்கறி என்று செடிகளும் மாறுகின்றன. இந்தக் குடும்பத்தின் பல இனங்கள் குறிப்பிட்ட ஒரு சில செடிகளையே நம்பி வாழ்பவை. செடி மாறினால் பூச்சியும் மாறும். ஆனால் கிடைத்த பூச்சி புத்தகத்தில் இல்லை என்பதற்காக மட்டும் அது புதிய இனமாகிவிடாது.

முதலில் ஆணும் பெண்ணுமாகப் பல மாதிரிகள் வேண்டும். எந்தச் செடியில் பிடித்தது என்ற குறிப்பும் வேண்டும். சிறிய பூச்சிகளை முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டி ஊசியில் ஏற்றுவார்கள். ஆணின் வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, சதையை நீக்கி, உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைவார்கள். இப்போது சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் ஒரு பகுதியைப் படித்து 'பார்கோடு' எடுப்பதும் வழக்கமாகிவிட்டது.

அடுத்ததுதான் கடினமான வேலை. ஏற்கெனவே பெயரிடப்பட்ட நெருங்கிய இனங்களோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் 'இதுதான் அது' என்று குறிக்கப்பட்ட மூல மாதிரி ஒன்று ஏதாவது அருங்காட்சியகத்தில் இருக்கும். நம் நாட்டுப் பூச்சிகளின் பழைய மூல மாதிரிகள் பல லண்டனில் உள்ளன. டிஸ்டன்ட் என்பவர் 1902 முதல் 1918 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் நாவாய்ப்பூச்சி வகைகளை ஏழு தொகுதிகளில் எழுதினார். அந்த விவரிப்புகள் பெரும்பாலும் நிறத்தையும் அளவையும் சொல்லும் சில வரிகள்தான். அந்த வரிகளை மட்டும் படித்து நம் பூச்சி அதுவா, வேறா என்று தீர்மானிக்க முடியாது. மூல மாதிரியையோ அதன் தெளிவான படங்களையோ பார்த்தாக வேண்டும்.

வேறுதான் என்று உறுதியானால், விலங்குப் பெயரிடல் சட்டத்தின்படி விவரிப்பும் பெயரும் ஆய்விதழில் வெளியாக வேண்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, புதிய இனத்தைக் கண்டவர் அதை அரசு அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்கவும் வேண்டும். இதற்கெல்லாம் மாதங்கள் அல்ல, ஆண்டுகள் ஆவதுண்டு.

இந்தப் பொறுமை வீணல்ல என்பதற்குப் பருத்தி ஓர் உதாரணம். 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் கர்நாடகத்தின் பி.டி. பருத்தியில் காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்து குறைந்தது. அப்போது அதுவரை பேசப்படாத ஒரு மிரிட் பூச்சி பெருகி, மொட்டுகளையும் பிஞ்சுகளையும் உதிரச் செய்தது. 'பிசெரடென்ஸ்' என்ற அந்த இனத்துக்கு மலாய் தீபகற்பத்தின் பிசெராட் என்ற ஊரின் பெயரில் டிஸ்டன்ட் 1903லேயே பெயர் வைத்திருந்தார். அன்று யாருக்கும் பயனில்லாமல் தோன்றிய பெயர், நூறு ஆண்டு கழித்துப் பூச்சியை உடனே அடையாளம் காண உதவியது.

பெயர் தவறினால் என்ன ஆகும்?

இதற்குப் பாடம் மரவள்ளியில் இருக்கிறது. 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழித்தது. அதன் பூர்வீகமான அமெரிக்கக் கண்டத்தில் இயற்கை எதிரியைத் தேடினார்கள். தென் அமெரிக்காவின் வட பகுதியில் பார்வைக்கு அதேபோன்ற மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பலன் தரவில்லை. உற்றுப் பார்த்தபோதுதான் அது வேறு இனம் என்று தெரிந்தது. சரியான இனம் 1981இல் பராகுவேயில் கிடைத்தது. அங்கிருந்து வந்த 'அனகைரஸ் லோபசி' என்ற சிறு குளவி ஆப்பிரிக்க மரவள்ளியைக் காப்பாற்றியது.

அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் மரவள்ளித் தோட்டங்களைத் தாக்கியது. இம்முறை இனம் எது என்று முன்பே தெளிவாகத் தெரிந்திருந்ததால், எந்தக் குளவி வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. பெனின் நாட்டிலிருந்து அதை வரவழைத்து, 2022இல் சேலம் மாவட்டத்தில் வயலில் விட்டார்கள்.

தேயிலைக் கொசுவுக்கும் இயற்கை எதிரி உண்டு. 'எரித்மெலஸ் ஹீலோபெல்டிடிஸ்' என்ற மிகச் சிறிய குளவி, கொசுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கிறது. தென்னிந்தியத் தேயிலையில் தீவோரா முட்டைகளில் இது பதிவாகியுள்ளது. கண்ட மருந்தை அடிக்கடி அடித்தால் முதலில் அழிவது இதுபோன்ற குளவிகளும் சிலந்திகளும்தான். அதன் பின்னால் செஞ்சிலந்திப் பேன் பெருகுவதையும் பல தோட்டங்களில் பார்க்கிறோம்.

மிரிட் பூச்சிகளெல்லாம் எதிரிகளும் அல்ல. நெல் வயலில் உள்ள பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி, புகையானின் முட்டைகளைத் தின்று நமக்கு உதவுகிறது. குடும்பப் பெயரைக் கேட்டதும் மருந்தடித்தால் நண்பனையும் சேர்த்தே கொல்வோம்.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

* முதலில் சேதத்தைப் பிரித்தறியுங்கள். கொசு குத்திய இடம் முதலில் நீர் கோத்ததுபோல் தெரிந்து, பிறகு வட்டமான பழுப்புப் புள்ளியாகும். கொழுந்து சுருண்டு கருகும். கொப்புள நோயில் ஒளி ஊடுருவும் புள்ளி தோன்றி, இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளமாகப் புடைக்கும். இது பூஞ்சை நோய். இதற்குப் பூச்சிமருந்து அடிப்பது வீண் செலவு.

* அதிகாலையிலும் மாலையிலும் பூச்சியைத் தேடுங்கள். வெயிலில் அது செடிக்குள் மறைந்துகொள்ளும். மருந்து தெளிப்பதும் அந்த நேரங்களில்தான் பலன் தரும்.

* முட்டைகள் இளந்தண்டுக்குள் செருகப்பட்டிருக்கும். தண்டுக்கு வெளியே இரண்டு முடி போன்ற இழைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மருந்து முட்டையை எட்டாது. ஆனால் பறிப்புச் சுற்றைத் தள்ளிப்போடாமல், வளர்ச்சி நின்ற கொழுந்தையும் சேர்த்து அகற்றினால் முட்டைகளும் வெளியேறும். கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலைதான் என்றாலும், இதைவிட நல்ல மருந்து இல்லை.

* தோட்ட ஓரத்துக் கொய்யாவிலும், செடிமேல் படரும் மிகானியா கொடியிலும் பூச்சி தங்கும். கொடியை அகற்றுங்கள். கொய்யாவைக் கண்காணியுங்கள்.

* தெளிக்கத்தான் வேண்டும் என்றால் தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதிமுறையில் உள்ள மருந்தை மட்டும், சொல்லப்பட்ட அளவில் தெளியுங்கள். தெளித்தபின் பறிப்பதற்கான இடைவெளியை மீறாதீர்கள். நஞ்சு எச்சம் இருந்தால் தொழிற்சாலை இலையைத் திருப்பிவிடும்.

மாதிரி அனுப்புவது எப்படி?

வழக்கமான கொசுபோல் இல்லாத பூச்சியைக் கண்டாலோ, ஒரே மருந்து திடீரெனப் பலிக்காமல் போனாலோ, பூச்சியை அடையாளம் காண அனுப்புங்கள். ஆணும் பெண்ணும் கலந்து வரும்படி பத்து, இருபது வளர்ந்த பூச்சிகளைப் பிடியுங்கள். எத்தனால் நிரப்பிய சிறு குப்பியில் போடுங்கள். அது கிடைக்காவிட்டால், பூச்சியை டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து, மெல்லிய காகிதத்தில் மடித்து உலர வையுங்கள். தேதி, ஊர், எந்தச் செடியில் பிடித்தது, பிடித்தவர் பெயர் ஆகியவற்றைக் காகிதத் துண்டில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். இந்தக் குறிப்பு இல்லாத பூச்சியை வைத்து நிபுணராலும் அதிகம் செய்ய முடியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிப் பூச்சி பிடிக்கக் கூடாது. உங்கள் தோட்டம் போதும்.

குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையையோ அணுகலாம். மழைக்குப் பின் புதுக்கொழுந்து தள்ளும் காலம் இதற்கு ஏற்றது. அடுத்த முறை கொழுந்தில் புள்ளி தெரிந்ததும், தெளிப்பானை எடுக்கும் முன் அந்தப் பூச்சியைப் பிடித்து ஒரு குப்பியில் போடுங்கள்.

(கட்டுரையாளர், உழவியலில் முனைவர் பட்டம் பெற்ற வேளாண் விஞ்ஞானி)