இன்ஜினைக் கழற்றும் முன் ஒரு நோட்டுப் புத்தகம்

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காருக்கு இன்ஜின் பின்னால் இருக்கிறது. கியர்பாக்ஸோடு அதைச் சேர்த்துப் பிடித்திருப்பவை நான்கே போல்ட்டுகள், 17 மி.மீ. ஸ்பானர் போதும். பெட்ரோல் குழாய், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஹீட்டர் கம்பிகள், டைனமோ ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, காரின் பின்புறத்தை உயர்த்தினால் இன்ஜின் தனியாக வந்துவிடும். பழகிய கைக்கு அரை நாள் வேலைகூட இல்லை. பழைய காரை வீட்டு ஷெட்டிலேயே மின்சார காராக மாற்றிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பீட்டிலைத் தேடிப்போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். கார் பாதி வேலையில் நின்று வருஷக்கணக்கில் தூசி படிந்து கிடப்பதற்கும் இதுவே காரணமாகிவிடும். கழற்றுவது சுலபம் என்பதால் முதலில் கழற்றிவிடுகிறார்கள். கணக்கு அப்புறம்தான் வருகிறது.

இந்த வேலை நோட்டுப் புத்தகத்தில் தொடங்க வேண்டியது. அதில் முதல் பக்கம் எழுதப்படாதவரை ஸ்பானரைத் தொடக் கூடாது.

முதலில், எந்தக் காரை மாற்றுவது? உலகம் முழுக்க இரண்டு கோடியே பத்து லட்சத்துக்கும் மேல் பீட்டில்கள் தயாராகின. கடைசிக் கார் 2003-ல் மெக்சிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து வெளிவந்தது. இவ்வளவு எண்ணிக்கையில் உள்ள ஒரு காரில், இன்ஜின் செத்து, பாடி மட்டும் நல்லபடியாக இருக்கும் ஒன்றைத் தேடி எடுப்பது கஷ்டமில்லை. மாற்றத்துக்கு உரியது அந்த மாதிரிக் கார்தான். தொழிற்சாலையில் பொருத்திய அதே இன்ஜினோடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் கார் ஒன்று கையில் இருந்தால் அதைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா, இப்படி மாற்றப்பட்ட கார்களைத் தன் ஆதரவுக்குரிய வரலாற்று வாகனங்களாக ஏற்பதில்லை. மாற்றியே தீருவேன் என்கிறவர்களுக்கு அது சொல்லும் ஆலோசனை: எதைச் செய்தாலும் பழையபடி திருப்பக்கூடியதாகச் செய்யுங்கள், கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள். இது பொன்னான ஆலோசனை. பாடியில் ஓர் இடத்தை வெட்டிவிட்டால் வெட்டியதுதான். இருக்கிற துளைகளிலேயே போல்ட் போட்டு முடுக்கினால், நாளை உங்கள் பிள்ளை அந்தக் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக முடியும்.

அடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? ஆசைக்கு ஓட்டுகிற தூரத்தை விட்டுவிட்டு, தேவைக்கு ஓட்டுகிற தூரத்தை எழுத வேண்டும். இந்த ஓர் எண்ணிலிருந்துதான் பேட்டரியும் எடையும் பிரேக்கும் செலவும் வருகின்றன.

மின்சார பில்லில் வரும் அதே யூனிட்டில் இந்தக் கணக்கைப் போடலாம். பீட்டில் அளவுள்ள கார் நிதானமான வேகத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.17 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். போக வர 60 கி.மீ., திடீர்த் தேவைக்கு இன்னொரு 40 கி.மீ., ஆக 100. அதற்கு 17 யூனிட் வேண்டும். லித்தியம் பேட்டரியை அடியோடு வடித்தால் அதன் ஆயுள் குறையும்; குளிரில் அதன் திறன் சுருங்கும்; வயதாக ஆகக் கொள்ளளவு இறங்கும். ஆகவே கொள்ளளவில் எண்பது சதவீதத்தைத்தான் நம்ப வேண்டும். 17-ஐ 0.8-ஆல் வகுத்தால் 21 யூனிட் சொச்சம். வீட்டில் மாற்றுகிறவர்கள் விரும்பி வாங்குவது, விபத்தில் சிக்கிய டெஸ்லா மாடல் எஸ் கார்களிலிருந்து வரும் பழைய மாட்யூல்களை. 85 யூனிட் பேட்டரியில் இப்படி 16 மாட்யூல்கள். ஒவ்வொன்றிலும் 444 செல்கள், சுமார் 5.3 யூனிட், 25 கிலோ எடை. நமக்கு நான்கு போதும். 100 கிலோ.

ஒரே சார்ஜில் 300 கி.மீ. வேண்டும் என்று ஒருவர் அடம்பிடிக்கிறார் என்று வையுங்கள். அதே கணக்கில் 64 யூனிட், பன்னிரண்டு மாட்யூல், 300 கிலோ. இப்போது காரின் எடைக் கணக்குக்கு வருவோம். பழைய பீட்டில் வெறுமையாகச் சுமார் 800 கிலோ. அதில் ஏற்றக்கூடிய பாரம், ஆளும் பெட்டியுமாக, கிட்டத்தட்ட 380 கிலோ. இன்ஜின், சைலன்சர், நிறைந்த பெட்ரோல் டேங்க் எல்லாம் போனால் 150 கிலோவரை குறையும். மோட்டார் 50 கிலோ, சார்ஜர், பெட்டிகள், கேபிள் என்று 40 கிலோ கூடும். நான்கு மாட்யூல் வைத்தால் கார் பழைய எடையைவிட 40 கிலோதான் அதிகம். நான்கு பேர் தாராளமாகப் போகலாம். பன்னிரண்டு வைத்தால் 240 கிலோ அதிகம். மிச்சம் 140 கிலோ. இரண்டு பேர் ஏறினால் முடிந்தது. ஆசையின் நீளத்தை இதைவிடத் தெளிவாக அளந்து காட்டும் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பாரத்தைச் சுமக்கவும் வழி உண்டு. ஃபோக்ஸ்வேகன் நிறுவனமே 2019-ல் ஒரு கூட்டாளி நிறுவனத்துடன் சேர்ந்து, தன் சிறிய மின்காரான இ-அப்பின் பாகங்களைப் பழைய பீட்டிலில் பொருத்திக் காட்டியது. 14 மாட்யூல்கள், 36.8 யூனிட், சுமார் 200 கி.மீ. தூரம். காரின் எடை 1,280 கிலோவாகிவிட்டது. அதற்காகச் சேஸிஸையும் பிரேக்கையும் பலப்படுத்தினார்கள். பொறியாளர் படையே உள்ளவர்களுக்கு அது கட்டுப்படியாகும். ஷெட்டில் தனியாக வேலை பார்க்கிறவருக்கு எடையைக் கூட்டாமல் இருப்பதே வழி.

பழைய காலத்தோடு ஒப்பிட்டால் நம் நான்கு மாட்யூலின் அருமை புரியும். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்காக பிஎம்டபிள்யூ தன் 1602 காரை மின்சாரத்தில் ஓட்டிக் காட்டியது. பன்னிரண்டு ஈய-அமில பேட்டரிகள், 350 கிலோ, கிடைத்தது 12.6 யூனிட். நகர ஓட்டத்தில் சுமார் 30 கி.மீ. தாண்டவில்லை. இன்று 100 கிலோவில் 21 யூனிட்.

எவ்வளவு எடை என்பதோடு, எங்கே எடை என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு. பலர் கோட்டைவிடும் இடம் இது. பீட்டிலில் உயிருக்கே ஆபத்தான இடமும் இதுதான். பழைய பீட்டில்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். அதாவது, சக்கரத்தைத் தாங்கும் அச்சு கியர்பாக்ஸ் அருகே மட்டும் மடங்கும். காரின் பின்புறம் உயர்ந்தால் இரண்டு சக்கரங்களும் கீழ்ப்பக்கம் உள்நோக்கிச் சாயும். கனமான இன்ஜின் பின்னால் இருந்ததால் கார் அமுங்கிச் சக்கரங்கள் கிட்டத்தட்ட நேராக நின்றன. அந்த இன்ஜினை எடுத்துவிட்டு, எடை குறைந்த மோட்டாரை வைத்து, பேட்டரி முழுவதையும் முன்னால் பெட்ரோல் டேங்க் இருந்த இடத்தில் அடுக்கினால் பின்புறம் எழும்பிவிடும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது சக்கரம் இன்னும் உள்ளே மடங்கி, காரையே தூக்கிவிடும். ஆகவே பேட்டரியில் ஒரு பங்கு பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சாமான் குழியில் உட்கார வேண்டும், மறுபங்கு முன்னால். வேலை தொடங்கும் முன் காரை எடை மேடைக்குக் கொண்டுபோய், முன்சக்கர எடை தனி, பின்சக்கர எடை தனி என்று எழுதி வாங்கிவர வேண்டும். முடிந்த பிறகும் அதே எடை மேடை. பின்புறத்தின் உயரம் மாறியிருந்தால், அங்கே ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரை ஒன்றிரண்டு பல் நகர்த்திப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மோட்டாரையும் கியர்பாக்ஸையும் சேர்ப்பது அலுமினிய அடாப்டர் பிளேட். பீட்டிலுக்கு இது தயாராகவே விற்கிறது; வேறு காராக இருந்தால் லேத் பட்டறையில் கடைந்துதான் ஆக வேண்டும். மோட்டாரின் தண்டும் கியர்பாக்ஸின் தண்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பேரிங் அரைபட்டுப் போகும். ஃபிளைவீல் பழைய இடத்தில் அதே ஆழத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கிளட்ச் சரியாகப் பிடிக்காது. ஆகவே இன்ஜின் கழன்ற அன்றே, ஃபிளைவீல் முகத்துக்கும் இன்ஜின் கியர்பாக்ஸில் வந்து பொருந்தும் முகத்துக்கும் இடையிலான தூரத்தை வெர்னியரில் அளந்து, மூன்று தரம் சரிபார்த்து, நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். கிளட்ச் தேவையில்லை என்று எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். ஏதாவது கோளாறில் மோட்டார் நிற்காமல் சுற்றினால், காலால் மிதித்து அதைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடலாம்.

இன்னொன்று. 1600 சிசி பீட்டில் இன்ஜினின் உச்ச முறுக்குவிசை 100 நியூட்டன் மீட்டர் சொச்சம்தான். கியர்பாக்ஸும் அதற்குத் தக்கபடி செய்தது. மின் மோட்டாரோ நின்ற நிலையிலேயே முழு விசையையும் கொடுக்கும். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரில் அந்த விசைக்கு வரம்பு வைக்காமல் முதல் கியரில் மிதித்தால் பல் உடையும். இரண்டாவது கியரிலேயே கிளம்பலாம், கார் மறுக்காது.

மின்சாரத்தைப் பற்றிப் பயமுறுத்தியே சொல்கிறேன், பயம் தேவை. நான்கு மாட்யூலைத் தொடராக இணைத்தால் முழு சார்ஜில் 100 வோல்ட் டிசி. வாகனங்களில் 60 வோல்ட் டிசிக்கு மேல் ஆபத்தான மின்னழுத்தம் என்று கணக்கு. வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. அதனால் தீப்பொறி தானாக அறுபட வாய்ப்புண்டு. டிசியில் அந்த இடைவெளி இல்லை. ஸ்பானர் கைதவறி இரு முனைகளுக்கு இடையில் விழுந்தால் அங்கேயே வெல்டிங் ஆகிவிடும். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றியாக வேண்டும். ஸ்பானரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும். உயர்மின்னழுத்தத்துக்கான ரப்பர் கையுறை வேண்டும். பக்கத்தில் மின்னிணைப்பைத் துண்டிக்கத் தெரிந்த இன்னோர் ஆள் இருக்க வேண்டும். பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ், சாவியை அணைத்தால் விலகும் கான்டாக்டர், கையால் இழுத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச் மூன்றும் கட்டாயம். விளக்குக்கும் ஹாரனுக்கும் உள்ள சிறிய 12 வோல்ட் பேட்டரியின் மைனஸ் காரின் பாடியில் இணைந்திருக்கும். பெரிய பேட்டரியின் எந்த முனையும் பாடியைத் தொடவே கூடாது. கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வெறுமையாக இருக்கும்போது கான்டாக்டரை நேரடியாகப் போட்டால் மின்சாரம் வெள்ளமாகப் பாய்ந்து அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சாவியை அணைத்தாலும் கார் அணையாது. அதனால்தான் முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக மெல்ல நிரப்பிவிட்டுக் கான்டாக்டரைப் போடுகிறார்கள். செல்களின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் பிஎம்எஸ் இல்லாமல் லித்தியம் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

சில சின்ன விஷயங்கள் பட்டியலில் கடைசிவரை வராமலே போய்விடும். பீட்டிலின் ஹீட்டர் இன்ஜினின் புகைக்குழாய்ச் சூட்டில் ஓடியது. இன்ஜின் போனால் அதுவும் போச்சு. குளிர்நாட்டில் கண்ணாடிப் பனியைப் போக்கத் தனி மின் ஹீட்டர் வேண்டும், அது தின்னும் யூனிட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1960-களின் பிற்பகுதியிலிருந்து வந்த பல பீட்டில்களில் முன்கண்ணாடியைக் கழுவும் தண்ணீரைப் பீய்ச்சுவது ஸ்டெப்னி டயரின் காற்றழுத்தம். முன்னால் பேட்டரி வைக்க இடம் வேண்டும் என்று ஸ்டெப்னியைத் தூக்கிப் போட்டால் வாஷர் வேலை செய்யாது. நல்ல சேதியும் உண்டு: பீட்டிலின் சாதாரண பிரேக்குக்கு இன்ஜினின் வெற்றிட உதவி கிடையாது, எனவே தனி வாக்குவம் பம்ப் தேவையில்லை. பவர் பிரேக் உள்ள காரை மாற்றுகிறவர்கள் அந்தப் பம்ப்பை மறந்தால் பிரேக் கல்லாகிவிடும்.

நோட்டின் கடைசிப் பக்கம் சட்டத்துக்கு. காசு கொடுத்து எதையும் வாங்கும் முன் இந்தப் பக்கத்தை முடித்துவிடுவது நல்லது. ஜெர்மனியில் இப்படிப்பட்ட மாற்றம் ஒவ்வொன்றையும் அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். தொடங்கும் முன்பே அவரோடு உட்கார்ந்து திட்டத்தைக் காட்டிவிட்டால் பாதித் தலைவலி குறையும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

நம் ஊரில் பழைய ஹெரால்டையோ அம்பாசிடரையோ வைத்திருப்பவர்கள் இதைப் படித்ததும் கேட்கப்போகிற கேள்விக்கும் பதில் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விதிகள் அனுமதிக்கும் வண்டிகளுக்கு மின்சார கிட் பொருத்தலாம். ஆனால் அது ஏஐஎஸ்-123 தரத்தின்படி பரிசோதிக்கப்பட்டு அந்த மாடலுக்கு ஒப்புதல் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், ஒப்புதல் பெற்றவர்கள் பொருத்த வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. திருத்தப்பட வேண்டும். வீட்டு ஷெட்டில் நாமே சேர்த்துக் கட்டியதைச் சாலையில் ஓட்ட இப்போதைக்கு வழியில்லை. விபத்து நடந்தால் காப்பீடும் கைவிரிக்கலாம். ஐம்பது ஆண்டு தாண்டிய கார் என்றால் இன்னொரு இழப்பும் உண்டு. 2021-ல் வந்த விதிகளின்படி ‘விஏ’ எழுத்துடன் வின்டேஜ் பதிவு பெற வண்டி பெரிய மாற்றமின்றி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். இன்ஜினை மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். சென்னையில் தயாரான ஹெரால்டுக்கும் பீட்டிலைப்போல பாடி தனி, சேஸிஸ் தனி. வேலைக்கு வாகான கார். உங்கள் மாடலுக்கு ஒப்புதல் பெற்ற கிட் இருக்கிறதா என்று முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள். பேட்டரிக்கு முன்பணம் கட்டுவது அதற்குப் பிறகு.