படம் பெரிதாகும், விவரம் பெருகுமா?



எங்கள் இயற்பியல் துறையின் ஆய்வுக்கூட உதவியாளர் சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றார். விழாவில் எடுத்த குழுப் படத்தைச் சட்டமிட்டு அவருக்குப் பரிசளிக்க விரும்பினோம். 12 அங்குல அகலத்தில் அச்சாகி வந்த படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டோம். எல்லார் முகமும் கலங்கியிருந்தது! தவறு அச்சகத்தாருடையது அன்று, என்னுடையது. நண்பர்களுக்கு அனுப்புவதற்காகப் படத்தைச் சிறிதாக்கிய நான், கைபேசியில் இடம் போதவில்லை என்று மூலப் படத்தை அழித்துவிட்டேன். சிறிதாக்கியதை மீண்டும் பெரிதாக்கினால் என்ன? வாருங்கள், ஒரு சோதனை செய்து பார்ப்போம்.

வரைபடத் தாளில் 8 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம் போடுங்கள். அதற்குள் 'அ' என்ற எழுத்தின் தடித்த உருவத்தைப் பென்சிலால் மெல்ல வரையுங்கள். ஒரு செ.மீ. கட்டங்களில், பாதிக்கு மேல் எழுத்து அடைத்துள்ள கட்டத்தை முழுவதும் கறுப்பாக்குங்கள். மற்றவற்றில் உள்ள கோட்டை அழித்துவிடுங்கள். மொத்தம் 64 கட்டங்கள். 'அ' அடையாளம் தெரிவதே கடினம். இதையே இன்னொரு தாளில் அரை செ.மீ. கட்டங்களைக் கொண்டு செய்யுங்கள். இப்போது 256 கட்டங்கள். எழுத்து சற்றுத் துலங்கும்.

முதல் தாளை மட்டும் ஒரு நண்பரிடம் கொடுத்து, இரண்டாவது படத்தை வரையச் சொன்னால் அவரால் முடியுமா? ஒவ்வொரு கட்டத்தையும் அவர் நான்காகப் பிரிக்கலாம். ஆனால் ஒரு கறுப்புக் கட்டம் நான்கு கறுப்புக் கட்டங்களாகும், அவ்வளவுதான். கட்டங்கள் பெருகும், விவரம் பெருகாது.

கணிப்பொறியில் உள்ள படமும் இத்தகைய கட்டங்களால் ஆனதே. ஒரு கட்டத்தைப் பிக்சல் அல்லது படப்புள்ளி என்கிறோம். 1957ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ரஸ்ஸல் கிர்ஷும் அவருடைய குழுவினரும் ஒரு புகைப்படத்தைக் கணிப்பொறிக்குள் செலுத்திக் காட்டினார்கள். அது கிர்ஷின் கைக்குழந்தையின் படம். 5 செ.மீ. சதுரத்தில் நெடுக்கே 176, குறுக்கே 176, ஆக 30,976 புள்ளிகள். ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.28 மி.மீ. அதைவிட நுண்ணிய விவரம் அந்தப் படத்தில் கிடையாது.

சரி, எத்தனை புள்ளிகள் இருந்தால் போதும்? அதை முடிவு செய்வது நம் கண்ணின் பிரிதிறன். ஒரு பாகையை 60 பங்காக்கினால் வரும் கோணம்தான் சாதாரணக் கண் பிரித்தறியும் எல்லை. 25 செ.மீ. தொலைவில் உள்ள தாளில் இது ஏறத்தாழ 0.07 மி.மீ. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் அச்சிட்டால் ஒரு புள்ளி 0.085 மி.மீ. ஆகும். இது அந்த எல்லையை நெருங்கிவிடுகிறது. அச்சகத்தார் 300 கேட்பது பொருத்தமே, அல்லவா?

இப்போது என் படத்துக்கு வருவோம். மிஞ்சியது 1200 × 900 புள்ளிகள். 1200ஐ 300ஆல் வகுத்தால் 4 அங்குலம். அதையே 12 அங்குலத்துக்கு இழுத்தால், அங்குலத்துக்கு 100 புள்ளிகளே கிடைக்கும்; ஒவ்வொன்றும் 0.25 மி.மீ. கண் சும்மா விடுமா?

படத்தோடு குறிக்கப்பட்டிருக்கும் '72' என்பதை '300' என்று மாற்றினால் தெளிவு கூடும் எனச் சிலர் நம்புகிறார்கள். அது அச்சுப்பொறிக்குத் தரும் குறிப்பு மட்டுமே. புள்ளிகளின் எண்ணிக்கை மாறாதவரை படம் மாறாது.

இணையப் பக்கத்தில் நிலைமை நேர்மாறு. 4000 × 3000 அளவுள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். பக்கத்தில் அது 800 × 600 இடத்தில்தான் தோன்றும் என்றால், தேவை 4,80,000 புள்ளிகளே. 25 மடங்கு சுமையை வீணாக அனுப்புகிறோம். எனவே அங்கே சிறிதாக்குவது நல்லதே. ஆனால் நகலைத்தான் சிறிதாக்க வேண்டும்!

இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் கலங்கிய முகத்தையும் துலக்கிக் காட்டும். ஆனால் அவை வரைவது ஊகம். நம் உதவியாளருக்கு வேறொருவர் கண்களைப் பொருத்தி எப்படிப் பரிசளிப்பது?

முடிவில் படத்தை 4 அங்குல அகலத்திலேயே அச்சிட்டு, சுற்றிலும் அகலமான வெள்ளை அட்டை வைத்துச் சட்டமிட்டோம். படம் சிறியதுதான், ஆனால் ஒவ்வொரு முகமும் தெளிவாக இருந்தது.

உங்கள் வீட்டுப் படங்களின் மூலங்கள் எங்கே இருக்கின்றன? இன்றே தேடிப் பாருங்கள்.