அரசறிவியல் முனைவர் பட்டத் துறையைத் தெரிவு செய்தல்

அரசறிவியல் முனைவர் பட்டத் துறையைத் தெரிவு செய்தல் என்பது, மாணவர் தம் ஆய்வு ஆர்வத்துக்கு ஏற்ற பல்கலைக்கழகத் துறையைக் கண்டறிவதாகும். ஐக்கிய அமெரிக்காவில் இப்படிப்பு பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாது. எனவே பொருந்தாத தெரிவு, இளமையின் பல ஆண்டுகளை வீணாக்கக்கூடும்.

உட்பிரிவுகள்

அமெரிக்க அரசியல், ஒப்பீட்டு அரசியல், பன்னாட்டு உறவுகள், அரசியல் கோட்பாடு ஆகியவை அங்குள்ள முதன்மை உட்பிரிவுகள். பல துறைகளில் ஆய்வு முறையியலும் தனிப்பிரிவாக உள்ளது. ஒரே துறை எல்லாப் பிரிவுகளிலும் சம வலிமை பெற்றிருப்பதில்லை. ஆகவே தரவரிசையில் முன்னிற்கும் துறையும் ஒரு குறிப்பிட்ட தலைப்புக்குப் பொருந்தாமல் போகலாம்.

துறைகளின் தனித்தன்மை

ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம், 1962இல் அங்கு வந்த வில்லியம் ரைக்கரால் கணித வழி அரசியல் கோட்பாட்டுக்குப் பெயர்பெற்றது. 1948இல் தொடங்கிய அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வுகள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தவை. சிகாகோவில் லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் இணையர் இந்திய அரசியலைக் கற்பித்தனர். நாடார் சமூகம் பற்றி 1969இல் நூல் வெளியிட்ட ராபர்ட் ஹார்ட்கிரேவ் சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்றவர். ருடால்ஃப் இணையர் இன்று இல்லை. எனவே பழைய புகழை மட்டும் நம்பாமல், தற்போது பணியாற்றும் பேராசிரியர்களையே பார்க்க வேண்டும்.

ஆய்வு முறை

தலைப்பு பொருந்தினாலும் முறை பொருந்தாமல் போகலாம். புள்ளியியல், கணித முறைகளின் ஆதிக்கத்தை எதிர்த்து 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசறிவியலாளரிடையே ‘பெரஸ்த்ரோய்க்கா’ என்ற இயக்கமே எழுந்தது. களஆய்வு செய்ய விரும்புபவர், அதற்கு இடமளிக்கும் துறையையே நாட வேண்டும்.

சரிபார்க்க வேண்டியவை

• ஆய்வு ஆர்வத்தை நாட்டின் பெயராக அல்லாமல் கேள்வியாக எழுதிப் பார்த்தல். தமிழக ஊராட்சி நிதியை ஆராய விரும்புபவருக்கு, பிரேசில் உள்ளாட்சிகளை ஆராயும் பேராசிரியரும் வழிகாட்டலாம்.
• வழிகாட்டக்கூடியவர் ஒருவர் மட்டும் போதாது. அவர் இடம் மாறினால் மாணவர் தனித்து விடப்படுவார். இரண்டு மூன்று பேராவது இருத்தல் நன்று.
• அண்மையில் பட்டம் பெற்றவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளையும், அவர்கள் பெற்ற பணிகளையும் காணல்.
• கட்டண விலக்கும் உதவித்தொகையும் எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி என்பதை எழுத்தில் பெறுதல்.

முடிவெடுத்தல்

விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், சனவரி மாதங்களில் முடிவடைகின்றன. உதவித்தொகையுடன் இடம் பெற்றவர்கள் முடிவைத் தெரிவிக்க, பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. அதற்குள் அங்கு பயிலும் மாணவர்களிடம் பேசி, வழிகாட்டிகள் ஆய்வேட்டு வரைவுகளை உரிய காலத்தில் படித்துத் திருத்தித் தருகிறார்களா என்று கேட்டறிவது பயன்தரும்.