குடுவை விட்ட பிறகும்

2023 டிசெம்பர் 17ஆம் திகதி இலங்கை முழுவதும் போதைப்பொருளுக்கு எதிரான ‘யுக்திய’ பொலிஸ் சுற்றிவளைப்பு தொடங்கியது. இரண்டு நாள் கழித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ‘அவெர்ட்-டி’ என்ற பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. கன்னத்தின் உட்புறத்தைத் தடவியெடுத்து, 15 பரம்பரையலகு மாறுபாடுகளைப் பார்த்து, ஒருவர் அபினி வகை மருந்துகளுக்கு அடிமையாகக்கூடியவரா என்று அது சொல்லுமாம். ஒன்று போதைப் பழக்கத்தை மனவுறுதியின் குறையாகப் பார்க்கிறது, மற்றது பிறவிக் கோளாறாக. கண்டியில் குடுவோடு, அதாவது ஹெரோயினோடு, பிடிபட்டு, பல்லேகலைச் சிறையிலோ புனர்வாழ்வு நிலையத்திலோ இருந்துவிட்டு வீடு திரும்பும் இளைஞனுக்கு இரண்டு பார்வையுமே உதவாது.

பிறவிக்குப் பங்கே இல்லை என்பதல்ல. யார் அடிமையாகிறார், யார் தப்புகிறார் என்ற வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியை இரட்டையர் ஆய்வுகள் பரம்பரையின் கணக்கில் வைக்கின்றன. ஆனால் அது மக்கள் தொகையில் காணும் வேறுபாட்டின் பாதி. ஒருவனின் தலைவிதியில் பாதி அல்ல. அதிகம் ஆராயப்பட்டது ஆறாவது நிறமூர்த்தத்திலுள்ள ‘ஓ.பி.ஆர்.எம்.1’. ஹெரோயினும் மோர்பினும் போய் ஒட்டும் வாங்கியை ஆக்குவது இதுதான். இதன் ஒரு மாறுபாடு ஐரோப்பியரைவிட ஆசியரிடம் இரண்டு மடங்குக்கு மேல் பரவியிருக்கிறது. முந்திய சிறு ஆய்வுகள் சில அதையே குற்றவாளியாக்கின. 2020இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வோ மற்ற வடிவத்தையே ஆபத்தோடு இணைத்தது. இப்படித் தடுமாறும் சான்றை வைத்துக் கண்டியில் யாருக்கும் முத்திரை குத்த முடியாது. அவெர்ட்-டி பரிசோதனையை அந்த அமெரிக்க நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவே 2022இல் 11க்கு 2 என்று எதிர்த்திருந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பரம்பரையலகு மாறாமலே அது வேலை செய்யும் அளவு மாறலாம். மெதைல் கூட்டங்கள் ஒட்டுவதும், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதங்கள் இறுகுவதும் தளர்வதும் அதைத் தீர்மானிக்கின்றன. முன்பு ஹெரோயின் பாவித்தவர்களின் இரத்த வெள்ளணுக்களில், மேற்சொன்ன பரம்பரையலகின் தொடக்கப் பகுதியில் மெதைல் கூடியிருப்பதை 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. இரத்தம் மூளை அல்லவே என்ற ஆட்சேபம் நியாயமானது. இறந்த பாவனையாளரின் மூளையையே ஆராய்ந்து 2017இல் வந்த ஆய்வில் அந்தப் புரதங்களிலும் மாற்றம் தெரிந்தது. அந்த மாற்றம் செயற்படும் வழியைத் தடுக்கும் மருந்து கொடுத்த எலிகள் ஹெரோயினைக் குறைவாக நாடின. அடையாளம் பதிகிறது, ஆனால் கல்வெட்டாக அல்ல.

அப்படியானால் வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் சுமார் 5 வீதத்தினரே மீண்டும் அடிமையானது எப்படி? ஆய்வாளர் லீ ராபின்ஸின் இந்த முடிவை, மனம் வைத்தால் விடலாம் என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: சிப்பாய்கள் போதை கிடைத்த இடத்தை விட்டு வந்தார்கள். நம் இளைஞனோ அதே தெருவுக்கு, அதே கூட்டாளிகளிடம் வருகிறான். உள்ளே இருந்த மாதங்களில் உடலின் தாங்குசக்தி குறைந்துவிடும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நிற்கலாம். உடல்மாற்றத்தைப் பேசுவது குற்றத்துக்குச் சாக்காகாதா என்றும் கேட்பார்கள். விற்றவனைத் தண்டிப்பதை இது தடுக்கவில்லை. பாவித்தவனை எத்தனை காலம் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறது. 2007இன் 54ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் ஒருவரைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். கண்டியில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குச் சிகிச்சை நிலையமும் உண்டு. சிகிச்சை மருந்துகளான மெதடோனும் பியூப்ரினோர்பினும் 2005இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டன. இந்திய அரசு மையங்கள் பியூப்ரினோர்பின் கொடுத்து வருகின்றன. எனவே நீதவானின் சிகிச்சைக் கட்டளை முடியும் திகதியில் கோப்பை மூடாமல், அன்றே அடுத்த கிளினிக் திகதியை எழுதிக் கொடுக்க வேண்டும்.