இரவில் தூக்கம் வராத பெரியவர்களுக்கு



நமது டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்து நிர்வாகக் குழுவின் முன் வைப்பது என் பொறுப்பு. விண்ணப்பத்தோடு டாக்டர் சீட்டின் நகலும் இருக்கும். அறுபதைத் தாண்டியவர்களின் சீட்டுகளில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்குக் கீழே, கடைசி வரியில் ஒரு தூக்க மாத்திரையை அடிக்கடி பார்க்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷனுக்கு உதவி கேட்டு வந்த ஒரு தாயாரின் சீட்டிலும் அது இருந்தது. நடு இரவில் பாத்ரூமுக்குப் போக எழுந்தவர், மாத்திரையின் மயக்கத்தில் கால் தடுமாறி விழுந்திருக்கிறார். மகளிடம் விசாரித்தேன். "அஞ்சு வருசமா அந்த மாத்திரைதான் பாய். அது இல்லாட்டி உம்மாவுக்குக் கண்ணு மூடாது" என்றார். முதலில் எழுதிக் கொடுத்த டாக்டர் யார் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. பழைய அட்டையைக் காட்டி மெடிக்கலில் வாங்கி வந்திருக்கிறார்கள்.

நான் மருத்துவன் அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் நமது பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருப்பதால், படித்ததையும் மருத்துவர்களிடம் கேட்டதையும் கூடியவரை எளிமையாக எழுதுகிறேன்.

எது தூக்கமின்மை, எது வயதின் இயல்பு என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். பேத்தி நிகாஹுக்கு முந்தின இரவு தூக்கம் வரவில்லை என்றால் அது நோய் ஆகாது. படுக்க இடமும் நேரமும் இருந்தும், வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் பிடிக்காமல் அல்லது இடையில் கலைந்து, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, பகலில் சோர்வு, எரிச்சல், கவனக்குறைவு என்று தொல்லை கொடுத்தால்தான் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். பகலில் தெம்பாக இருப்பவர் இரவில் இரண்டு தடவை விழிப்பதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறையும், சிறு சத்தத்துக்கும் விழிப்பு வரும். உடம்புக்குள் இருக்கும் கடிகாரமும் முன்னால் நகர்ந்துவிடும். மாலையிலேயே கண் சொக்கும், விடியலுக்கு வெகுமுன்பே விழிப்புத் தட்டும். முப்பது வயதில் தூங்கிய தூக்கத்தை எழுபதில் எதிர்பார்ப்பதுதான் பலருடைய கவலைக்கு முதல் காரணம்.

நமது வீடுகளில் நடக்கும் ஒரு கணக்கைப் பாருங்கள். பெரியவர் இஷா தொழுதுவிட்டு வந்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, எட்டரைக்குப் படுத்துவிடுகிறார். இரண்டரைக்கு விழிப்பு வருகிறது. "ராத்திரி இரண்டரைக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், தூக்கமே இல்லை" என்கிறார். எட்டரையிலிருந்து இரண்டரை வரை ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. சுபுஹு முடிந்து வந்து ஆறிலிருந்து ஏழரை வரை ஒரு தூக்கம். லுஹருக்குப் பின் சாப்பிட்டுவிட்டு இரண்டிலிருந்து மூன்றரை வரை இன்னொரு தூக்கம். மொத்தம் ஒன்பது மணி நேரம்! அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு ஏழு முதல் எட்டு மணி நேரம் போதும் என்பது மருத்துவர்களின் பொதுவான கணிப்பு. இவருக்குத் தூக்கம் குறையவில்லை. அது மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பகலில் தூங்கியதை இரவு கழித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பகல் தூக்கத்தை அடியோடு விடச் சொல்லவில்லை. கைலூலா நம்மிடம் உள்ள நல்ல பழக்கம். அது சிறு தூக்கமாக இருக்க வேண்டும். லுஹரை ஒட்டி இருபது அல்லது முப்பது நிமிடம், அலாரம் வைத்துக்கொண்டு. அஸருக்குப் பின் கண்ணை மூடுவதும், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் டிவி முன் நாற்காலியில் தலை சாய்வதும்தான் இரவைக் கெடுப்பவை.

இனி, உண்மையாகவே தூக்கம் கெட்டுப் போனவர்களுக்கு வருவோம். இதற்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். அமெரிக்க மருத்துவர்களின் பெரிய அமைப்பான ஏசிபி 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் சிகிச்சையையே வயது வந்த எல்லோருக்கும் முதலில் தர வேண்டும் என்று சொன்னது. ஐரோப்பிய வல்லுநர்களும் 2017இல் அதையே சொன்னார்கள். மனநல மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக சிபிடி-ஐ என்பார்கள். இதில் இரண்டு பகுதிகள் முக்கியம்.

ஒன்று, படுக்கைக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவைத் திரும்ப உண்டாக்குவது. ரிச்சர்டு பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் வகுத்த முறை இது. தூக்கம் வராமல் மாதக்கணக்கில் புரண்டு கிடந்தவருக்குக் கட்டிலைப் பார்த்தாலே "இன்றும் வராதோ" என்ற பயம் பிடிக்கும். ஹாலில் உட்கார்ந்தபடி கண் சொக்கியவர், கட்டிலில் தலையை வைத்ததும் விழித்துக்கொள்வது இதனால்தான். எனவே தூக்கம் கண்ணைக் கட்டும்போது மட்டும் படுக்க வேண்டும். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் தூக்கம் பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். அந்த இருபது நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து அளக்கக் கூடாது. கடிகாரத்தைக் கண்ணில் படாமல் திருப்பி வைப்பதே நல்லது. எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமைதியான ஒன்றைச் செய்துவிட்டு, தூக்கம் வந்ததும் போய்ப் படுக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் இப்படிச் செய்யலாம். செல்போன் மட்டும் வேண்டாம். நடு இரவில் வாட்ஸ்அப்பைத் திறந்தவர் யாரும் ஐந்து நிமிடத்தில் மூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. எழுந்து என்ன செய்வது என்று நாம் யோசிக்க வேண்டியதில்லை. ஒளூ செய்து இரண்டு ரக்அத் தொழலாம், திக்ரு செய்யலாம். ஆனால் ஒரு சொல். "தூக்கம் வரத்தான் தொழுகிறேன்" என்று நிமிடத்துக்கு நிமிடம் தூக்கத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் தொழுகையிலும் மனம் நிற்காது, தூக்கமும் வராது. இபாதத்தை இபாதத்தாகச் செய்யுங்கள். தஹஜ்ஜுதுக்கு வழக்கமாக எழுபவர்கள் அதற்கேற்ப முன்னதாகப் படுத்து, தினமும் ஒரே நேரத்தில் எழுவது நல்லது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தூக்கம் வரவில்லை என்று சொல்லும் பெரியவரிடம் "ஈமான் உறுதியாக இருந்தால் ஏன் வராது?" என்று கேட்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். முட்டி வலிக்காரரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. இது உடம்பும் மனமும் சேர்ந்த ஒரு நோய். குற்ற உணர்வை ஏற்றி அதை இன்னும் பெரிதாக்காதீர்கள்.

இரண்டாவது பகுதி, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. ஆர்தர் ஸ்பீல்மன் என்பவரும் அவர் குழுவினரும் 1987இல் இதை வெளியிட்டார்கள். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். இரண்டு வாரம் ஒரு தாளில் எப்போது படுத்தோம், சுமாராக எவ்வளவு தூங்கினோம், எப்போது எழுந்தோம் என்று குறிக்க வேண்டும். ஒருவர் ஒன்பது மணி நேரம் கட்டிலில் கிடந்து ஐந்தரை மணி நேரமே தூங்குகிறார் என்று வைப்போம். அவர் எழும் நேரம் சுபுஹுக்காக ஐந்து மணி. அப்படியானால் அவர் இரவு பதினொன்றரைக்குத்தான் படுக்க வேண்டும். அதற்கு முன் கட்டில் பக்கமே போகக் கூடாது. சுபுஹுக்குப் பின் திரும்பப் படுக்கவும் கூடாது. முதல் சில நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் உடம்பு சேர்த்து வைத்த தூக்கப் பசி அந்த ஐந்தரை மணி நேரத்தைக் கெட்டியாக நிரப்ப ஆரம்பிக்கும். ஒரு வாரத்தில், படுத்திருந்த நேரத்தில் 100க்கு 85 பங்கு, அதாவது ஏறக்குறைய நாலு மணி நாற்பது நிமிடம் தூங்க முடிந்தால், படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னால் கொண்டு வரலாம். இப்படி வாரத்துக்குக் கால் மணியாகக் கூட்டிக்கொண்டே போகலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே யாரும் குறைக்கக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், இருதுருவ மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், அடிக்கடி விழுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். ரமலானில் தராவீஹும் சஹரும் இரவை வேறு விதமாகப் பிரித்துவிடுவதால், ஷவ்வாலுக்குப் பின் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

இவற்றை முயல்வதற்கு முன், தூக்கத்தைக் கெடுக்கும் வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் நாலைந்து தடவை சிறுநீருக்கு எழுபவருக்குத் தூக்கத்தில் கோளாறு இல்லாமல் இருக்கலாம். சர்க்கரை கட்டுப்படாமல் இருக்கலாம், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருக்கலாம். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையைச் சிலர் மாலையில் போடுகிறார்கள். காலையில் போடலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழுபவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் இருக்கலாம். இவர்களுக்குத் தூக்க மாத்திரை ஆபத்து. படுத்ததும் கால்களில் பூரான் ஊர்வது போன்ற குடைச்சல் எடுத்து, அசைத்தால் மட்டும் நிற்கிறதென்றால் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம், ரத்தம் பரிசோதிக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரைகளும் சில ஆஸ்துமா மருந்துகளும் தூக்கத்தைக் கலைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாத்திரையை மாற்றாமல், சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

டீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீயிலும் காபியிலும் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் எதிர்க் கடையில் நண்பர்களோடு குடிக்கும் டீ, பன்னிரண்டு மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. பேச்சை விட வேண்டாம், டீயை அஸரோடு நிறுத்துங்கள்.

விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து, விழித்ததும் மனதில் பாரம் ஏறி, எதிலும் நாட்டமில்லாமல், சாப்பாடு பிடிக்காமல் வாரக்கணக்கில் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். துணையை இழந்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். இத்தா இருக்கும் பெண்கள் வெளிச்சமில்லாத உள் அறையிலேயே நாலு மாதம் பத்து நாளையும் கழிப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். மார்க்கம் அப்படி இருட்டில் இருக்கச் சொல்லவில்லை. வீட்டு முற்றத்திலோ மறைப்புள்ள மாடியிலோ காலை வெயில் படும்படி அரை மணி நேரம் உட்கார வையுங்கள். பகல் வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரத்துக்கு இரவு எது என்று தெரியும். மனநல டாக்டரிடம் போவது பைத்தியத்துக்குத்தான் என்ற பேச்சை விட்டொழிப்போம். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரைக்கு வருகிறேன். அல்ப்ரசோலம், டயஸிபாம், குளோனசெபாம், சோல்பிடெம் போன்றவை சில நாள் நெருக்கடிக்கு உதவலாம். வருடக்கணக்கில் சாப்பிட உண்டானவை அல்ல. வயதானவர்களின் உடம்பிலிருந்து இவற்றில் பல மெதுவாகவே வெளியேறும். தடுமாறி விழுதல், எலும்பு முறிவு, ஞாபகக் குழப்பம் ஆகியவை இவற்றால் வருவதால், கூடியவரை முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இவற்றை வைத்திருக்கிறார்கள். சளிக்குக் கொடுக்கும் பழைய அலர்ஜி மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போடுவதும் நல்லதல்ல. அது குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கும். அல்ப்ரசோலம், டயஸிபாம், சோல்பிடெம் மூன்றும் சட்டப்படி எச்1 பட்டியலில் உள்ளவை. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பழைய அட்டையோடு பேரனை அனுப்பும் பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

அதே நேரம், இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், நடுக்கமும் வலிப்பும் கூட வரலாம். டாக்டர் மேற்பார்வையில் வாரக்கணக்கில், சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். அதுவரை கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சிறு விளக்கு எரியட்டும். ஒளூ செய்த தண்ணீர் தரையில் நிற்காமல் துடைத்து வையுங்கள். சுவரில் ஒரு கைப்பிடி அடியுங்கள்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு. பெரியவரின் கட்டில் ஹாலில் இருக்கும். டிவி பதினொன்றரை வரை ஓடும். அவர் எப்படித் தூங்குவார்? சவூதியில் இருக்கும் மகன் டியூட்டி முடிந்து பத்து மணிக்குப் போன் செய்கிறார். இங்கே பன்னிரண்டரை. உம்மா அந்தப் போனுக்காகவே விழித்திருக்கிறார். பேசி முடித்ததும் மகன் தூங்கிவிடுகிறார், உம்மா கேட்டதையெல்லாம் நினைத்தபடி விடிய விடியக் கிடக்கிறார். டியூட்டிக்குப் போகும் முன், அங்கே காலை ஆறரை என்றால் இங்கே ஒன்பது மணி. அப்போது பேசுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நீளமாகப் பேசிக்கொள்ளலாம்.

இரண்டு வாரக் குறிப்பு எழுதுவதற்கான தாளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு டிரஸ்ட் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். லுஹருக்கும் அஸருக்கும் இடையில் வந்து பெற்றுக்கொள்ளலாம். வர முடியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பலாம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் காலையில் கேட்டு நிரப்பித் தரட்டும். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும் மாத்திரைப் பையையும் மறக்காமல் கொண்டு போங்கள்.